பாட்டு வந்தா எந்திரிச்சுப் போக முடியாத படம்: உங்களுக்கு எது?

வளவுக்காரி (கானாடுகாத்தான்)

லீவுக்கு வந்த தங்கச்சி மகன் ஒரு கேள்வி கேட்டுட்டான். அதுலேருந்து எனக்கு வேலை ஓடலை. இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் ஊத்திக்கிட்டிருந்தேன், டிவியில பழைய படம். "பெரியம்மா, கதை நல்லாத்தானே போகுது, திடீர்னு எதுக்குப் பாடுறாங்க? பேசித் தொலைச்சா ஆகாதா?"

என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, "நீ தேர்வுல மார்க் வாங்கினதும் குதிச்சியே, நடந்தே போய் உங்க ஆத்தாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன். சிரிச்சான். ஆனா கேள்வி எனக்குள்ள தங்கிருச்சு.

எல்லாப் படத்துலயும் பாட்டு இருக்கு. ஆனா எல்லாம் பாட்டுப் படம் இல்லை. எங்க வீட்டையே சொல்றேனே. தரையில ஆத்தங்குடிப் பூக்கல்லு, வளவை (நடு முற்றத்தை)ச் சுத்தித் தூணு. கல்லைப் பேத்தாலும் வீடு நிக்கும். தூணை உருவினா? சில படத்துல பாட்டு பூக்கல்லு, சில படத்துல தூணு. தூணா நிக்கிற பாட்டு உள்ள படம் எனக்கு வேணும். அவனுக்குப் போட்டுக் காட்டணும்.

என் முதல் ஓட்டு திருவிளையாடல், 1965. தருமி கதையை எல்லாரும் வசனத்துக்காகப் பார்ப்பாக. நான் பாணபத்திரர் கதைக்காகப் பார்ப்பேன். ஹேமநாத பாகவதர் 'ஒரு நாள் போதுமா'ன்னு பாடுறப்ப அந்த ஆளோட கர்வம் முழுக்கப் பாட்டுக்குள்ளயே இருக்கு. அவர் திமிர் பிடிச்சவர்னு தனியா ஒரு வசனம் வேணுமா? அப்புறம் விறகு விக்கிறவரா வந்த சிவன் திண்ணையில உக்காந்து 'பாட்டும் நானே' பாடுறார், பாகவதர் ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்றார். சண்டையும் தீர்ப்பும் பாட்டுலயே முடிஞ்சுபோகுது. அதுவும் திண்ணையில! நம்ம ஊருக்காரங்களுக்கு இதைவிட என்ன வேணும்.

உங்க தூண் எது, சொல்லுங்க.

ரஸ்தாக்காரன்

ஆச்சி, தொடக்கமே அருமை. 'ஒரு நாள் போதுமா' பாடினது பாலமுரளிகிருஷ்ணா, வாயசைச்சது டி.எஸ். பாலையா. அந்த வாயசைப்பே தனி வித்தை. தோடி, தர்பார், மோகனம், கானடான்னு ராகப் பேரு வர்ற இடத்துல அந்தந்த ராகமே வந்து நிக்கும். ஆனா அதுல பாணபத்திரரா வர்ற டி.ஆர். மகாலிங்கத்தை விட்டுட்டீங்களே. அவர் பாட்டை அவரே பாடுவார்.

அந்த மகாலிங்கத்துக்கும் நம்ம ஊருக்கும் உறவு உண்டு. யுத்தக் காலத்துல சென்னையில கரண்டு கிடைக்காம, ஏவி. மெய்யப்பச் செட்டியார் சொந்த ஊரான காரைக்குடிப் பக்கமே வந்து தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டுடியோ போட்டாக. நாம் இருவர் அங்கதான் எடுத்தது. 1947 பொங்கலுக்கு வந்துச்சு. மகாலிங்கம் கதாநாயகன். டி.கே. பட்டம்மாள் குரல்ல பாரதியார் பாட்டு, குமாரி கமலா ஆட்டம். 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே', சுதந்திரம் அடைஞ்சுட்டோம்னு பாடுற பாட்டு. ஜனவரியில! சுதந்திரம் வந்தது ஆகஸ்டுல. ஏழு மாசம் முன்னாடியே கொட்டகையில வந்துருச்சு.

இதுல பாட்டு தூணா கல்லான்னு கேட்டா, கதைக்குக் கல்லுதான். ஊருக்குத் தூண். எங்க அப்பச்சி சொல்லுவாக, கதை என்னன்னே மறந்துபோச்சு, அந்தப் புள்ளை ஆடினது மட்டும் கண்ணுலயே நிக்குதுன்னு.

கும்மாயம்

வணக்கம். நான் பள்ளத்தூர், இப்ப பெங்களூர்ல ஐடி. ஓரமா நின்னு ஒரு எதிர்ப்பு சொல்லிக்கிறேன்.

ஆச்சி சொன்ன கணக்குப்படி பார்த்தா நம்ம படத்துல முக்கால்வாசி தேறாது. வெளிநாட்டுப் படம் சேர்த்துக்கலாமா? லா லா லேண்ட், 2016. மேம்பாலத்துல டிராஃபிக் ஜாம், ஒருத்தி கார்லேருந்து இறங்கிப் பாட ஆரம்பிக்கிறா, ரோடே ஆடுது. இங்க சில்க் போர்டு சிக்னல்ல தினமும் ஒன்றரை மணி நேரம் நிக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிங்க. ஆனா நான் அதுக்காகச் சொல்லலை. கடைசியில ரெண்டு பேரும் வேற வேற வாழ்க்கைக்குப் போயிட்டாங்க. வருஷம் கழிச்சு ஒரு கிளப்புல பார்த்துக்கிறாங்க. அவன் பியானோ வாசிக்கிறான். அந்த மெட்டு ஓடுறப்ப, அவங்க ஒண்ணாவே இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்கிறது முழுக்கக் கண்ணு முன்னாடி ஓடி முடியுது. பேச்சே இல்லை. முடிஞ்சதும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இதை வசனமா எழுதச் சொல்லுங்க பார்ப்போம். "நாம கல்யாணம் பண்ணியிருக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா படம் செத்துரும்.

மைக்செட்

நான் கல்யாணம் காதுகுத்துக்கு ரேடியோ செட் போடுறவன். முப்பது வருஷமாச்சு. ஆச்சி கேட்ட கேள்விக்கு எங்கிட்ட வேற பதில் இருக்கு.

பூக்கல்லு தூணுங்கிறீங்களே, சித்திரை வெயில்ல மத்தியானம் தூணைக் கட்டிப் பிடிச்சா தூங்குறீங்க? அந்தக் கல்லுலதானே படுக்குறோம். கதைக்கு வேணும்னு வர்ற பாட்டை எவனும் எங்கிட்ட கேட்டதில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, பொண்ணு கிளம்புறப்ப ஒண்ணு. படம் எதுன்னே தெரியாது, பாட்டுதான் தெரியும். படத்தைத் தாண்டி வீட்டுக்குள்ள வர்ற பாட்டுதான் பாட்டு.

எனக்குக் கரகாட்டக்காரன். 1989. மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடின படம். நம்ம முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவுக்கு 'மாரியம்மா மாரியம்மா' போடாம இறங்கினா என்னைச் சும்மா விடுவாங்களா? பால்குடம் வர்றப்ப அதைப் போட்டேன்னு வைங்க, தெருவே மாறிரும்.

சுதிப்பெட்டி

மைக்செட் அண்ணே, கரகாட்டக்காரன் தூண் பாட்டு உள்ள படம்தான், நீங்களே அதுக்கு எதிரா வாதாடுறீங்க :) 'மாரியம்மா' வர்றது ரெண்டு பேரும் தீ மிதிக்கிற இடத்துல. அதை எடுத்துட்டா முடிவே கிடையாது. ஆட்டக்காரன் ஆட்டக்காரி கதையில ஆட்டத்தை எப்படி எடுப்பீங்க? பாடுறவங்க, ஆடுறவங்க, வாசிக்கிறவங்களைப் பத்தின கதைன்னா பாட்டுக்குச் சாக்குத் தேட வேண்டியதில்லை. தங்கச்சி மகன் கேள்விக்கு அது ஒரு பதில்: "அவங்க தொழிலே அதுதான்டா."

நான் பாட்டு வாத்தியார். அதனால எனக்கு சிந்து பைரவி, 1985. ஜே.கே.பி. பெரிய பாடகர், கச்சேரி முழுக்கத் தெலுங்கு. சிந்து வந்து கேட்குறா, எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்குப் புரியுதான்னு. அவர் அவளைப் பாடச் சொல்றார். 'பாடறியேன் படிப்பறியேன்'னு ஏத்தம் இறைக்கிற மாதிரி ஒரு நாட்டுப்புற மெட்டு எடுத்து, அப்படியே கொண்டுபோய் 'மரி மரி நின்னே'யில சேர்த்து விடுவா. தியாகராஜர் கீர்த்தனை, காம்போதியில பாடுறது. இளையராஜா அதைச் சாரமதியில அமைச்சிருப்பார். ரெண்டும் ஒண்ணுதான்னு அவ நிரூபிக்கிறது பேச்சால இல்லை, ஸ்வரத்தால. விவாதமே பாட்டு. சித்ராவுக்கு அதுக்குத்தான் தேசிய விருது கிடைச்சுது.

இது நம்ம மண்ணுச் சண்டைங்கிறதை மறந்துடாதீங்க. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் தமிழிசை இயக்கத்தைத் தூக்கி நிறுத்தினவர். 1943ல தமிழிசைச் சங்கம். அன்னிக்குச் சபாக்காரங்க பலருக்கு அது பிடிக்கலை. நாற்பது வருஷம் கழிச்சு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வேஷத்துல சுஹாசினி எழுந்து நின்னு அதே கேள்வியைக் கேட்குறா. வளவுக்காரி ஆச்சி, உங்க ஊர்க் கதைங்க இது!

வளவுக்காரி

அட, நான் அந்த அரண்மனை வாசல்ல தினமும் பால் வாங்கப் போறவ. இது எனக்குத் தோணவே இல்லையே.

மைக்செட் தம்பி, கல்லுல படுக்கிற கதை நியாயம்தான். ஒத்துக்கிறேன். ஆனா உங்க தொழில் வேற, என் கேள்வி வேற. பந்தியில கேக்குற பாட்டு நம்ம ஞாபகத்தோட சேர்ந்துக்கும். நான் கேக்குறது, அது கதையோட சேர்ந்திருக்கான்னு.

கொட்டகை ஆபரேட்டர் (கோட்டையூர்)

புதுசா சேர்ந்திருக்கேன். பேரன் தமிழ்ல தட்டெழுதிக் கொடுக்கிறான். பிழை இருந்தா அவன் பிழை.

நீங்க எல்லாரும் பேசிக்கிட்டிருக்கீங்க, நான் செஞ்சு பார்த்தவன். எந்தப் பாட்டை வெட்டலாம், எதை வெட்டக்கூடாதுன்னு கத்திரிக்கோலோட இருந்தவன் நான்.

பதினெட்டு வயசுல கொட்டகைக்குப் போனேன். பேரு வேண்டாம், இப்ப அங்க கல்யாண மண்டபம். கார்பன் குச்சி எரியுற மெஷின். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். ரெண்டாம் ஆட்டம் முடியுறதுக்குள்ள கடைசி பஸ் போயிரும்னு முதலாளிக்குக் கவலை. பஸ்ஸைப் பார்த்துப் பாதியில ஜனம் எந்திரிச்சுப் போச்சுன்னா மறுநாள் கூட்டம் வராது. அதனால ராத்திரி ஆட்டத்துக்குப் பாட்டை எடுத்துரச் சொல்லுவாரு. எடுத்துட்டு ஒட்டி, மறுநாள் மேட்னிக்குத் திரும்பச் சேர்த்துரணும். இதனாலேயே சில பிரிண்டு ஒட்டுப் போட்டுப் போட்டு, பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு குதி குதிக்கும்.

நாலு பாட்டு எடுத்தாலும் ஒரு பய கேக்க மாட்டான். சில படத்துல ஆறு எடுத்தாலும் தெரியாது, படம் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போவான்! கதாநாயகனும் கதாநாயகியும் மலையில ஓடுற பாட்டு எல்லாம் நான்தான் முதல்ல எடுப்பேன். எடுத்தா ஒண்ணும் ஆகாது.

தில்லானா மோகனாம்பாள் பழைய பிரிண்டு ஒண்ணு வந்துச்சு. அது ஏற்கெனவே நீளம். முதலாளி "நலந்தானா"வை எடுடான்னாரு. எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி முன் பெஞ்சு, பின் பெஞ்சு, சேர், எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுச்சு. சோடா பாட்டில் வந்து கேபின் சுவத்துல உடைஞ்சுது. பாட்டுக்காக ஆசைப்பட்டு மட்டும் சத்தம் போடலை. ஒரு வயசான ஆயா கீழேருந்து கத்தினாக: "அந்தப் புள்ளை அவனை நலம் விசாரிச்சாளா இல்லையாடா?"

அன்னிக்குப் புரிஞ்சுது. முதலாளி பஸ் போனாப் போகட்டும்னுட்டாரு. அந்த ரீலைத் திரும்ப ஒட்டி, மறுபடி போட்டேன். பாதிப் பேரு நடந்தே ஊருக்குப் போனாங்க.

சுதிப்பெட்டி

ஐயா, இதைவிட யாரும் தெளிவாச் சொல்ல முடியாது. நாயனக்காரன் அடிபட்டு எழுந்து வந்திருக்கான். தனியாப் போய்ப் பார்க்க ஆட்டக்காரி மோகனாவுக்கு வழியில்லை, தாயோட காவல். சபை நடுவுல ஆடிக்கிட்டே கேட்குறா. ஊருக்கு அது நாட்டியப் பதம், அவனுக்கு அது கடிதம். பாட்டு அங்க ஒரு மறைவு. வாயால கேட்க முடியாததாலதான் பாடுறா. எழுதினது கண்ணதாசன், நம்ம சிறுகூடல்பட்டிக்காரர். குரல் சுசீலா. நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி கன்னம் உப்புறதும் மூச்சு வாங்குறதும் பார்த்து எங்க ஊர் நாயனக்காரரே ஏமாந்துபோனார்.

தேக்காவிலிருந்து

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பூர்வீகம் தேவகோட்டை. இழையை ஒரே மூச்சில் படித்தேன், பேச்சுத் தமிழ் எனக்கு எழுத வராது, மன்னிக்கவும்.

ரஸ்தாக்காரர் அண்ணன் சொன்ன ஸ்டுடியோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு ஹாலிவுட் படம். சிங்கிங் இன் தி ரெயின், 1952. ஊமைப் படம் போய்ப் பேசும் படம் வருகிற காலம். பெரிய நடிகை ஒருத்திக்குக் குரல் கர்ணகடூரம். திரைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்திப் பாட வைத்து, நடிகை வாயசைக்கிறாள். கடைசியில் திரையை இழுத்துவிட்டு, பாடுகிற பெண்ணை ஊருக்குக் காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்திலேயே அந்தச் சின்னப் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் நடிகைக்காகப் பாடுவதாக வரும் பாட்டை நிஜத்தில் பாடியது பெட்டி நாய்ஸ் என்ற இன்னொருவர். அவர் பெயர் திரையில் வரவே இல்லை.

நம்மிடம் இது கதை அல்ல, நடப்பு. மெய்யப்பச் செட்டியாரின் நந்தகுமார் 1938 படத்திலேயே இரவல் குரல் வந்துவிட்டது. 1945 ஸ்ரீவள்ளியில் ருக்மிணி பாடியிருந்த பாட்டுக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். ஹாலிவுட் அதை ஏமாற்று வேலையாகக் காட்டி முடிச்சை அவிழ்த்தது. நாமோ பாடுகிறவரையும் பெயர் சொல்லிக் கொண்டாடப் பழகிக்கொண்டோம். 'சுசீலா பாட்டு', 'ஜானகி பாட்டு' என்றுதானே சொல்கிறோம்? அமெரிக்க நண்பர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

கும்மாயம்

தேக்கா அண்ணே, மை ஃபேர் லேடியிலயும் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் மார்னி நிக்ஸன்தான் பாடினாங்க. அங்க அதை வெளியில சொல்லவே கூச்சப்பட்டிருக்காங்க.

ஆபரேட்டர் ஐயா, ஒரு கேள்வி. அன்னக்கிளி வெட்டியிருக்கீங்களா?

கொட்டகை ஆபரேட்டர்

வெட்டினா உயிரோட இருந்திருப்பேனா தம்பி? 1976. முத வாரம் கூட்டமே இல்லை. ரெண்டாம் வாரத்துலேருந்து டீக்கடையெல்லாம் அந்தப் பாட்டுதான். 'மச்சானைப் பார்த்தீங்களா' வர்ற ரீலை ஒன்ஸ்மோர் கேட்டுத் திருப்பிப் போட்டிருக்கேன். அந்தப் படத்துக்குத் திரைக்கதை வசனமும் பாட்டும் எழுதின பஞ்சு அருணாசலமும் சிறுகூடல்பட்டிதான். இளையராஜாவைக் கூட்டிக்கிட்டு வந்தவரு அவரு.

ஆனா உங்க ஆச்சி கணக்குல அது தூணா? எனக்குத் தெரியலை. கல்லுதான்னு நினைக்கிறேன். ஆனா அந்தக் கல்லுக்குத்தானே ஜனம் வந்துச்சு.

மைக்செட்

அப்படிப் போடுங்க ஐயா!

ரஸ்தாக்காரன்

பழசுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஹரிதாஸ், 1944 தீபாவளி. சென்னை பிராட்வே கொட்டகையில 110 வாரம், மூணு தீபாவளி பார்த்த படம். பாபநாசம் சிவன் பாட்டு, எம்.கே. தியாகராஜ பாகவதர் குரல். எங்க ஐயா பினாங்குலேருந்து கொண்டுவந்த கிராமபோன் பெட்டி இன்னும் பட்டாலையில (வீட்டு உள்கூடத்துல) இருக்கு. முள்ளு கிடைக்கலை. 'மன்மத லீலையை' தட்டு இருக்கு, கீறல் விழுந்தது.

இந்த இழையில சண்டை போடுற எண்ணம் இல்லை, ஆனாலும் ஒண்ணு: மின்சார கனவு எங்கே? 1997, நம்ம ஏவிஎம் தயாரிப்பு. கன்னியாஸ்திரி ஆகணும்னு ஒரு பொண்ணு. சவுண்ட் ஆஃப் மியூசிக் ஞாபகம் வருதா? அங்க அவ மடத்தை விட்டு வந்து கல்யாணம் பண்றா. இங்க அவளைக் காதலிச்சவன் பாதிரியாரா ஆயிடறான். 'மானா மதுரை' பாட்டுக்காகச் சித்ராவுக்கும், 'தங்கத் தாமரை'க்கு எஸ்.பி.பி.க்கும், 'வெண்ணிலவே' ஆட்டத்துக்குப் பிரபுதேவாவுக்கும் தேசிய விருது. ஒரே படத்துல!

சுதிப்பெட்டி

அண்ணே, மானாமதுரைன்னா எனக்குக் கடம். எங்கிட்ட இருக்கிற கடம் அங்க சுட்டது, தட்டினா மணி மாதிரி பேசும். அந்த ஊர் பேரைப் பாட்டுல வச்சும் ஒரு கடம் கேக்கலையேன்னு எனக்கு இன்னிக்கும் குறை.

படம் அழகு. ஆனா அதுல பாட்டு எல்லாம் பூக்கல்லு. ஒண்ணொண்ணும் தனித்தனியாப் பளபளக்குது. ஆபரேட்டர் ஐயா கையில கத்திரிக்கோல் கொடுத்தா ரெண்டு பாட்டு போயிரும்.

கொட்டகை ஆபரேட்டர்

அப்ப நான் ரிட்டயர்டு.

வளவுக்காரி

சரி, முடிவுக்கு வந்துட்டேன். சனிக்கிழமை ராத்திரி எங்க வளவுல படம். தில்லானா மோகனாம்பாள்தான். மைக்செட் தம்பி புரொஜக்டர் கொண்டாறேன்னு சொல்லியிருக்காக. திரைக்கு வேட்டி வேண்டாம், ரெண்டாங்கட்டு சுவரே முட்டைச் சுண்ணாம்பு பூசின சுவர், கண்ணாடி மாதிரி இருக்கும். பக்கத்துல உள்ளவங்க வாங்க, கந்தரப்பம் உண்டு.

மைக்செட்

ஸ்பீக்கரும் நல்லதே போடுறேன் ஆச்சி. நாயனத்துக்குப் பெட்டி கிழியக்கூடாது.

வளவுக்காரி

நடந்ததைச் சொல்லிடுறேன், கேட்டு நாலு பேரு தனியா எழுதியிருக்கீங்க.

முப்பது பேருக்கு மேல வந்தாக. முதல் அரை மணி நேரம் பையன் போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். நான் ஒண்ணும் சொல்லலை. நாகேஷ் வந்ததும் நிமிர்ந்தான். நாயனப் போட்டியில போனைக் கீழே வச்சான். 'நலந்தானா' வந்துச்சு. பாலையா தவிலோட உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்ப்பாரே, அந்த இடத்துல எங்க அப்பத்தா "இவனுக்கு எல்லாம் தெரியும்"னு சத்தமாச் சொன்னாக. அப்பத்தாவுக்குக் காது மந்தம், தான் சத்தமாப் பேசுறது அவுகளுக்குத் தெரியாது.

பாட்டு முடிஞ்சதும் பையன் திரும்பி, "பெரியம்மா, அவ இவ்வளவு கேட்டாளே, அவன் பதிலே சொல்லலையே?"ன்னான்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பத்தா: "அதான் ஊதினானேடா, உனக்குக் கேக்கலையா?"

காது மந்தமானவுக கேக்குறாக இதை.

கும்மாயம்

ஆச்சி, அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்கு வர்றேன். லா லா லேண்ட் போடலாமா?

மைக்செட்

போடலாம் தம்பி. கீழே ஓடுற எழுத்தை அப்பத்தாவுக்கு யாரு படிச்சுச் சொல்றது?

வளவுக்காரி

கடைசியில பேச்சே இல்லைன்னு அவரேதான் சொன்னாரே. அதுவரைக்கும் நான் படிக்கிறேன். கும்மாயம் இனிப்புக் கிண்டப் பச்சைப்பயறு வறுத்து வச்சுருக்கேன், வாங்க.